நின்ற நீரும் நீலப்பச்சைப் பாசியும்

ஆற்றுப் படித்துறையில் கால் வழுக்கினால் நாம் பழிப்பது பாசியை. குடத்தில் மொண்ட நீரில் பச்சை இழையொன்று மிதந்தால் முகம் சுளிப்பதும் பாசியைக் கண்டே. பாசி என்றாலே அழுக்கு, பாசி படர்ந்த நீர் கெட்ட நீர் என்று நம் இல்லங்களில் பேசிப் பழகிவிட்டோம். உண்மை அவ்வளவு எளிதன்று. நிலத்துக்குப் புல் எப்படியோ, ஆற்றுக்குப் பாசி அப்படி. கதிரவனின் ஒளியை வாங்கி உணவாக மாற்றும் பணியை ஆற்றுக்குள் பெரும்பாலும் செய்து முடிப்பது பாசியே. அதை நுண்ணுயிர்களும் பூச்சிகளும் நத்தைகளும் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன் உண்கிறது. சிறுமீனைப் பெருமீன் உண்கிறது. பெருமீன் நம் அடுப்புக்கு வருகிறது. பாசியே இல்லாத ஆறு, புல்லே இல்லாத மேய்ச்சல் நிலத்தை ஒக்கும்.

ஆகவே, 'ஆற்றில் பாசி உண்டா?' என்று கேட்பதில் பயனில்லை. 'எந்தப் பாசி ஆட்சி செய்கிறது?' என்று கேட்பதே அறிவுடைமை. ஏனெனில், ஒரே ஆற்றில் ஓர் ஆண்டு மீனுக்கு உணவாகும் பாசி செழிக்கும். மற்றோர் ஆண்டு கால்நடைகளைக் கொல்லும் பாசி பரவும். இந்த ஆட்சி மாற்றம் ஏன் நிகழ்கிறது? இதற்கு வானத்தின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு? இதைத் தெளிவாகக் காட்டும் ஆறு ஒன்று ஆஸ்திரேலியாவில் ஓடுகிறது. அதன் பெயர் டார்லிங்.

இரு குலத்துப் பாசிகள்

ஆற்றுப் பாசிகளில் எத்தனையோ வகைகள் உண்டு. நம் கதைக்கு இரண்டை அறிந்தால் போதும்.

முதலாவது, டையாட்டம் எனப்படும் நுண்பாசி. கண்ணாடி செய்ய உதவும் சிலிக்காவால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும் உயிர் இது. ஓடு கனமானது, ஆதலால் நீர் அசையாது நின்றால் டையாட்டம் மெல்ல மெல்ல அடியில் அமிழ்ந்து, ஒளியின்றி மடியும். நீர் புரண்டு ஓடினால்தான் அது மீண்டும் மீண்டும் மேலே தூக்கப்பட்டு ஒளியைப் பெறும். ஓட்டமே அதற்கு உயிர். நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு இது நல்ல கொழுப்புச் சத்துள்ள உணவு.

இரண்டாவது, நீலப்பச்சைப் பாசி. பாசி என்று வழங்கினாலும், விஞ்ஞானிகள் இதைப் பாக்டீரியா இனத்தில் சேர்க்கிறார்கள். பூமியின் மிகப் பழைய குடிகளுள் ஒன்று இது. ஆதிகாலத்தில் காற்றில் பிராணவாயு சேர்ந்ததே இதன் முன்னோர்களால்தான். எனவே இதையும் முழுமையாகப் பழித்துவிட இயலாது. ஆயினும் இதன் வகைகள் சிலவற்றிடம் வலிய ஆயுதங்கள் உண்டு. உடலுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் அவை வேண்டும்போது மிதந்து மேலே வரும். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே பிடித்து உரமாக்கிக்கொள்ளும். காலம் மோசமானால் விதை போன்ற உறங்கும் அணுக்களை உண்டாக்கிச் சேற்றில் பல ஆண்டுகள் காத்திருக்கும். அவற்றுள் சில நஞ்சையும் உண்டாக்கும். டார்லிங் ஆற்றில் பெயர் பெற்ற அனபீனா என்னும் வகை (இக்காலத்தில் இதற்கு டாலிகோஸ்பெர்மம் என்று புதுப் பெயர் இட்டிருக்கிறார்கள்) நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உடையது. நச்சு ஏறிய கடற்சிப்பிகளை உண்டு மனிதர் வாதம் கண்டு வீழ்வதுண்டல்லவா? அதே இனத்து நஞ்சுதான் இது.

ஓடும் நீர் முதற் குலத்துக்கு. நிற்கும் நீர் இரண்டாம் குலத்துக்கு. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பார்கா என்னும் ஆறு

டார்லிங் ஆறு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வறண்ட மேற்குப் பகுதியைக் குறுக்காகக் கடந்து, வென்ட்வொர்த் என்னும் ஊரில் மர்ரே ஆற்றுடன் கலக்கிறது. மர்ரே பின்னர் அலெக்சாந்திரினா ஏரியின் வழியாகத் தென்கடலைச் சேர்கிறது. இவ்விரு ஆறுகளின் வடிநிலம் ஏறத்தாழ 10 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது அந்தக் கண்டத்தில் ஏழில் ஒரு பங்கு.

ஐரோப்பியர் வருமுன்பே டார்லிங் கரையில் வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள் பார்கின்ஜி. அவர்கள் மொழியில் ஆற்றுக்குப் பார்கா என்று பெயர். அப்பெயரிலிருந்தே தங்கள் குலப் பெயரையும் பெற்றவர்கள் அவர்கள். ஆற்றுக்கு உரியவர்கள் என்பதே அதன் பொருள். 2015-ஆம் ஆண்டு நீதிமன்றம் அவர்களுடைய பூர்வீக உரிமையை ஏற்றுக்கொண்டது. வில்கேனியா, மெனின்டீ போன்ற சிற்றூர்களில் இன்றும் அவர்கள் வாழ்கிறார்கள். ஆறு நின்றால் குடிநீர் போகும், மீன் போகும். பிள்ளைகள் நீந்தும் இடமும், பாட்டன் பேரனுக்குத் தூண்டில் போடக் கற்பிக்கும் இடமும் சேர்ந்தே போகும்.

கடலின் ஊஞ்சல்

இந்த ஆற்றில் நீர் வருவதும் வராததும் பெரும்பாலும் தொலைவிலுள்ள பசிபிக் பெருங்கடலைப் பொறுத்தது. சில ஆண்டுகளில் பெரு நாட்டின் கரையையொட்டிய கடல் வழக்கத்தை மீறி வெப்பமடையும். அந்த வெப்ப நீர் கிறிஸ்துமஸ் காலத்தையொட்டி வருவதைக் கண்ட அந்நாட்டுக் கடலோர மக்கள், பாலன் இயேசுவை நினைத்து அதற்கு 'எல் நினோ' என்று பெயரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் 'அந்தச் சிறுவன்' என்பது அதன் பொருள். எல் நினோ ஆண்டுகளில் மழை மேகங்கள் கிழக்கே நகர்ந்துவிடுவதால், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி பெரும்பாலும் வறண்டு போகிறது. இதற்கு நேர்மாறான நிலைக்கு 'லா நினா', அதாவது 'சிறுமி', என்று பெயர். அப்போது அங்கே மழையும் வெள்ளமும் மிகும். இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கொருமுறை, ஒழுங்கற்ற தாளத்தில் இந்த ஊஞ்சல் ஆடுகிறது. இந்தியப் பெருங்கடலிலும் இதுபோன்ற வேறோர் ஊஞ்சல் உண்டு. இரண்டும் ஒருசேர வறட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டால் துன்பம் இரட்டிப்பாகும்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பல இலட்சம் உயிர்களைக் கொள்ளைகொண்ட தாது வருஷப் பஞ்சத்தை நம் முன்னோர் மறக்கவில்லை. 1877-78இல் நிகழ்ந்த கடுமையான எல் நினோ அப்பஞ்சத்தை முற்றச் செய்தது என்பது இன்று அறிந்த செய்தி. 1888-இல் அடிலெய்டு நகரின் அரசாங்க வானியலார் சார்ல்ஸ் டாட், இந்தியாவில் வறட்சி கண்ட ஆண்டுகளும் ஆஸ்திரேலியாவில் வறட்சி கண்ட ஆண்டுகளும் பெரும்பாலும் ஒத்துப்போவதைச் சுட்டிக்காட்டினார். பின்னர் 1904 முதல் இந்திய வானிலைத் துறையின் தலைவராய் இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறியும் வழி தேடியபோது, பசிபிக் பகுதிக்கும் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கும் இடையே காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டு, அதற்குத் 'தென்பகுதி ஊசலாட்டம்' என்று பொருள்படும் பெயர் இட்டார்.

ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். எல் நினோ எங்கும் ஒரேவிதமாக வேலை செய்வதில்லை. காவிரியின் மேல்நிலங்களை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை பல எல் நினோ ஆண்டுகளில் குறைகிறது. தமிழகக் கரைக்கு உரிய வடகிழக்குப் பருவமழையோ அவ்வாண்டுகளில் பெரும்பாலும் மிகுகிறது. 2015-இன் இறுதியில் சென்னையை மூழ்கடித்த மழையும் ஒரு வலிய எல் நினோ ஆண்டில் பெய்ததே.

ஆறு நின்றால் என்ன நடக்கிறது?

கடலின் ஊஞ்சல் ஆற்றுப் பாசியை எவ்வாறு எட்டுகிறது? படிப்படியாகப் பார்ப்போம்.

மழை குறைகிறது, ஆற்றின் ஓட்டம் தளர்கிறது. தடுப்பணைகளுக்குப் பின்னால் நீர் குளம்போல் தேங்குகிறது. வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது. ஆகவே அது மேலேயே தங்கிவிட, குளிர்ந்த நீர் கீழே தனி அடுக்காகப் பிரிகிறது. பாலைக் காய்ச்சும் தாய்மார்கள் கரண்டியால் துழாவிக்கொண்டே இருப்பார்கள். துழாவுவதை நிறுத்தினால் மேலே ஆடை படியும். ஆற்றைத் துழாவும் கரண்டி அதன் ஓட்டம். ஓட்டம் நின்றதும் கனத்த டையாட்டம் கீழே அமிழ்கிறது. காற்றுப் பை உள்ள அனபீனா மேலே எழும்பி ஒளியை எல்லாம் தனதாக்கிக்கொள்கிறது.

டார்லிங் போன்ற கலங்கல் ஆறுகளை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு கணக்கும் தந்திருக்கிறார்கள். நீரின் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அனபீனா தலைதூக்க இயலாது. நிமிடத்துக்கு மூன்று மீட்டர் என்பது எவ்வளவு சிறிய வேகம்! மிதக்கும் சருகு ஒன்று நம் கண்முன் சோம்பலாய் நகரும் வேகம். நஞ்சைத் தடுக்க அந்த மெல்லிய நகர்வே போதுமானது.

மற்றொரு வியப்பும் உண்டு. டார்லிங்கின் நீர் வழக்கமாகக் களிமண் கலந்து கலங்கலாய் ஓடும். வறட்சியில் ஆற்று நீர் வற்ற வற்ற, நிலத்தடியிலிருந்து உப்பு நீர் ஊறிக் கலக்கிறது. அந்த உப்பு களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து அடியில் படிய வைக்கிறது. தேற்றாங்கொட்டை உரைத்த குடத்து நீரைப் போல ஆறு தெளிந்துவிடுகிறது. தெளிந்த நீர் நல்ல நீர் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அங்கே அந்தத் தெளிவே ஒளியை ஆழத்துக்கு விட்டு, நீலப்பச்சைப் பாசிக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

இவற்றோடு பாஸ்பரஸ் என்னும் சத்தும் வேண்டும். அதை வயல் மண்ணின் அரிப்பும், உரமும், ஊர்களின் கழிவுநீரும் தாராளமாய்த் தருகின்றன. அடிச்சேற்றில் பிராணவாயு தீர்ந்துபோகும்போது அங்கே படிந்திருந்த பாஸ்பரஸும் கரைந்து வெளிவருகிறது. வெப்பம், அசைவின்மை, ஒளி, உரம் என்னும் நான்கும் கூடிவிட்டால், சில வாரங்களில் ஆறு பச்சைச் சாயம் பூசியதுபோல் ஆகிவிடும்.

ஆயிரம் கிலோமீட்டர்ப் பச்சை

1991-ஆம் ஆண்டின் இறுதியில் இது நடந்தேறியது. எல் நினோ வறட்சி பற்றியிருந்த காலம். நவம்பர், டிசம்பர் மாதங்களில், அங்கே கோடை தொடங்கும் வேளையில், டார்லிங் ஆற்றிலும் அதன் மேற்பகுதியாகிய பார்வான் ஆற்றிலுமாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்தது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே போகும் தொலைவிலும் இது அதிகம். கால்நடைகள் மாண்டன. மாநில அரசாங்கம் நெருக்கடி நிலையை அறிவித்தது. கரையோர ஊர்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் தர இராணுவம் வரவழைக்கப்பட்டது. பின்னர் மழை பெய்து ஆறு மீண்டும் ஓடியபோதே பாசி கலைந்தது. உலகில் அதுவரை எந்த ஆற்றிலும் இவ்வளவு நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்ததாகப் பதிவில்லை.

அந்த நிகழ்ச்சி கடைசியாக அமையவில்லை. நீண்ட வறட்சியின் இறுதியில் 2009-லும், கடுமையான எல் நினோவைத் தொடர்ந்து 2016-லும் மர்ரே ஆற்றில் 1,000 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்குப் பாசி பரவியது. 2016-இல் ஆட்சி செய்தது பழைய அனபீனா அன்று. வெப்பத்தை விரும்பும் வேறோர் இனம். பாசிக் குடும்பத்துக்குள்ளேயே காலம் மாறுவதற்கு இது சான்று.

மீன்களின் மரணம்

2017 முதல் 2019 வரை மீண்டும் கொடிய வறட்சி. மெனின்டீ அருகே ஆறு குட்டைகளாய்ச் சுருங்கியது. மேலே அடர்ந்த பாசி, கீழே பிராணவாயு இல்லாத கரும் அடுக்கு. மீன்கள் நடுவிலிருந்த மெல்லிய இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. கடும் வெப்பத்துக்குப் பின் திடீரென்று குளிர்காற்று வீசியபோது, மேல்நீர் குளிர்ந்து கீழ்நீருடன் கலந்தது. எஞ்சியிருந்த பிராணவாயுவும் ஒரே இரவில் தீர்ந்தது. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலுமாக மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்து இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஆளளவு வளரும் மர்ரே காட் மீன்களும் அவற்றுள் அடக்கம். அப்படிப்பட்ட முதிய மீனைக் கையில் ஏந்தி ஆற்றில் நின்ற கரைவாசிகளின் காட்சி உலகெங்கும் பரவியது.

பின்னர் ஊஞ்சல் மறுபக்கம் சாய்ந்தது. 2020 முதல் தொடர்ந்து மூன்று லா நினா, 2022-இல் பெருவெள்ளம். வெள்ளம் வந்தால் துன்பம் தீரும் என்றே எவரும் எண்ணுவர். வெள்ள நீரில் மீன்கள் ஏராளமாய்ப் பெருகின. ஆனால் நிலத்துச் சத்துகளும் சருகுகளும் ஆற்றில் வந்து குவிந்தன. வெள்ளம் வடிந்து ஓட்டம் தளர்ந்தபோது, 2023 மார்ச்சு மாத வெப்பத்தில் நீரின் பிராணவாயு போதவில்லை. மெனின்டீயில் மீண்டும் மீன்கள் மாண்டன. இம்முறை முன்னிலும் பன்மடங்காக. ஆற்றுக்கு வேண்டியது ஒருநாள் விருந்தன்று, நாள்தோறும் ஒரு பிடி சோறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பழி எவர்மேல்?

இவையெல்லாம் மனிதரால் வந்தவையா? முழுவதும் அன்று. 1878-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜார்ஜ் பிரான்சிஸ் என்னும் அடிலெய்டு இரசாயன அறிஞர், அலெக்சாந்திரினா ஏரியில் படர்ந்த பாசி நீரைக் குடித்து ஆடுகளும் குதிரைகளும் நாய்களும் பன்றிகளும் இறந்ததை 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் எழுதினார். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சைப் பற்றிய முதல் விஞ்ஞானக் குறிப்பு அதுவே. பெரிய அணைகளும் பருத்தித் தோட்டங்களும் வராத காலம் அது. வறட்சியும் புதிதன்று, டார்லிங் ஆறு பழங்காலத்திலும் அவ்வப்போது நின்றதுண்டு.

ஆனால் முன்பு எப்போதோ நின்ற ஆறு, இப்போது அடிக்கடியும் நெடுநாளும் நிற்கிறது. இதுவே வேறுபாடு. 1960-களுக்குப் பின் வடக்கே பருத்தி விளைச்சல் பெருகியது. நீரை இறைத்துத் தேக்குவதும் பெருகியது. 2019-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானக் கழகம் மெனின்டீ மீன்களின் சாவை ஆராய்ந்தபோது, வறட்சியை மட்டும் குற்றம் சாட்டவில்லை. வறண்ட காலத்தைத் தாங்குமளவு நீர் ஆற்றில் விட்டுவைக்கப்படவில்லை என்பதையே முதற் காரணமாகக் கூறியது. அந்த வடிநிலம் முழுவதற்குமான திட்டம் ஒன்று 2012-லேயே இயற்றப்பட்டு, ஆற்றின் உயிருக்கென்றே ஆண்டுக்குச் சராசரியாக 2,750 கிகாலிட்டர் நீரை மீட்டுத்தர இலக்கு வைக்கப்பட்டது. ஒரு கிகாலிட்டர் என்பது 100 கோடி லிட்டர். உழவர்களுக்கும் உணவு வேண்டும்; அவர்களுடைய கவலையும் பொய்யன்று. ஆதலால் ஒவ்வொரு துளிக்கும் அங்கே வழக்கு நடக்கிறது. இதனிடையே பூமி சூடேறி வருவதால், ஊஞ்சல் வறட்சிப் பக்கம் சாயும் ஒவ்வொரு முறையும் நீரின் வெப்பம் முன்னிலும் மிகுதியாகிறது. அது நீலப்பச்சைப் பாசிக்கே சாதகம்.

நம் இல்லங்களுக்கு

அன்புள்ள குடும்பத்தாரே, நம் குளங்களிலும் ஏரிகளிலும் கோடையில் பச்சை வண்ணக் குழம்புபோல் ஆடை படர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றில் எல்லாம் நஞ்சு உண்டு என்பதில்லை. ஆனால் கண்ணால் பார்த்து நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்லிவிட எவராலும் இயலாது. அத்தகைய நீரில் பிள்ளைகளைக் குளிக்க விடலாகாது. ஆடுமாடுகளையும் நாயையும் குடிக்க விடலாகாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. காய்ச்சுவது நோய்க்கிருமிகளைக் கொல்லும். இந்த நஞ்சை அகற்றாது. மாறாக, பாசியின் அணுக்கள் வெடித்து, உள்ளிருந்த நஞ்சு நீரில் கலந்துவிடும்.

மழையை நிறுத்தவோ பெய்விக்கவோ நம்மால் ஆகாது. பசிபிக் கடலின் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தவும் ஆகாது. வறட்சி வரும், அது நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் வறட்சி வரும் நாளில் ஆற்றில் எவ்வளவு நீர் மிச்சம் இருக்கும் என்பதை, அதற்கு முந்திய நல்ல ஆண்டுகளில் நாமே முடிவு செய்கிறோம். கழிவு நீரை எங்கே விடுகிறோம், வயலுக்கு எவ்வளவு உரம் இடுகிறோம், கடைமடையில் இருப்பவனுக்கு என்ன விட்டு வைக்கிறோம் என்பன எல்லாம் அந்த முடிவில் அடங்கும். மெனின்டீ மக்கள் கேட்பது பெருவெள்ளத்தை அன்று. வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் ஒரு சிறு ஓட்டத்தை. மேல்மடைக்காரன் தன் பங்கில் அவ்வளவு விட்டு வைத்தால், கீழே டையாட்டமும் மீனும் பிழைக்கும். பார்கின்ஜிச் சிறுவனும் தன் பாட்டனோடு மீண்டும் தூண்டில் எடுத்துச் செல்வான்.